கங்கு நிற்கும் அடுப்பு

அக்டோபர் 3

ஐம்பது புகையில்லா அடுப்பும் ஊர் வந்து சேர்ந்தன. ஜீப் இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே படுத்துவிட்டது. மிச்ச வழிக்கு ஊர்க்காரர்கள் தலையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஓர் அடுப்பு பதினோரு கிலோ. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. வெறுங்கையோடு ஏறி வந்த எனக்குத்தான் நாக்குத் தள்ளிவிட்டது.

இந்த நோட்டு எதற்கு என்றால், சென்னை ஆபீசுக்கு அனுப்பும் அறிக்கையில் மனிதன் எழுதுகிற மாதிரி ஒரு வரி எழுத முடிவதில்லை. டைரக்டர் வத்சலா மேடத்துக்கு எண்தான் வேண்டும். எத்தனை கிலோ விறகு, எத்தனை நிமிஷத்தில் தண்ணீர் கொதித்தது, எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது. சரி, எண்ணை அங்கே எழுதுகிறேன், எரிச்சலை இங்கே எழுதிக்கொள்கிறேன்.

ஊர் கீழ்நெல்லிமடு. கல்வராயன் மலையில் அறுபது சொச்சம் வீடு. மண்சுவர், தாழ்ந்த கூரை, ஒரே ஒரு கதவு. ஜன்னல் என்ற பேச்சே இல்லை. உள்ளே மூன்று கல் அடுப்பில் பெண்கள் இருமிக்கொண்டே களி கிண்டுகிறார்கள். கூரையின் உட்புறம் கரி நூல் நூலாகத் தொங்குகிறது. பதினாறு வருஷம் ஓட்டல்காரர்களுக்குப் பர்னர் செய்து கொடுத்துவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் இந்த வேலைக்கு வந்தவன் நான். புத்தி கெட்டுப் போச்சா என்று வீட்டில் கேட்டார்கள். இன்றைக்கு அந்தக் கூரையைப் பார்த்ததும், இல்லை, இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று தோன்றியது.

உதவிக்கு சுகுணா என்று இந்த ஊர்ப் பெண். பன்னிரண்டாவது முடித்தவள், இருபத்தாறு வயது, அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். கெட்டிக்காரி. வாய்தான் நீளம்.

அக்டோபர் 11

ஒரு வாரம்தான் ஆகிறது. ஐம்பதில் பதினேழு வீட்டில்தான் என் அடுப்பு எரிகிறது. மற்றதெல்லாம் பரணில். ஒரு வீட்டில் கோழி முட்டையிட்டு அடை காக்கிறது அதில். என் மூன்று வருஷ உழைப்பு, கோழிக்குக் கூடு! வயிறு எரிகிறது.

ஏன் என்று கேட்க அலங்காரி வீட்டுக்குப் போனேன். நாற்பத்தெட்டு வயது இருக்கும். ஊர்ப் பெண்கள் அவள் சொல்வதைத்தான் கேட்பார்கள். மகன் பொன்னுரங்கன் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறான். மருமகள் மயிலா எட்டு மாதக் கர்ப்பம். இந்த மலையில் படித்த பிள்ளைகள் தவிர யாரும் 'நீங்க' சொல்வதில்லை, எல்லோருக்கும் 'நீ'தான். கலெக்டர் வந்தாலும் 'நீ'தான். முதலில் சுருக்கென்றது, இப்போது பழகிவிட்டது.

"சாரு, உன் அடுப்பு எரியறப்ப நல்லாத்தான் எரியுது. பொகை இல்ல, கண்ணு கரிக்கல, ஒத்துக்கறேன். ஆனா சோறு எறக்குன கையோட ஜில்லுன்னு போயிடுது. கங்கே நிக்கல. கங்கு நிக்காத அடுப்பு என்னா அடுப்பு?"

"கங்கு மிஞ்சாம முழுசா எரியறதுதாம்மா நல்ல அடுப்பு. விறகு மிச்சமாகும்."

"வெறகு காட்டுல கெடக்கு. மழ நாள்ல வெந்நிக்கு எங்க போவேன்? ஈரத் துணிய எதுல காயப் போடுவேன்? ஒவ்வொரு தரமும் தீப்பெட்டி கிழிக்கச் சொல்றியா?"

மயிலா முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். "சார் வீட்ல கேஸ் அடுப்பா சார்?" என்றாள்.

"ஆமா."

"அதான்" என்று சொல்லிவிட்டு ராகியைப் புடைக்க ஆரம்பித்தாள். சுகுணா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். மானம் போயிற்று.

ஆனால் அந்தப் பெண் மயிலாதான் ஐம்பது வீட்டில் விறகு நோட்டை ஒழுங்காக எழுதுகிறவள். காலையில் இத்தனை கிலோ, மாலையில் இத்தனை கிலோ என்று தேதி போட்டு. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

அக்டோபர் 12

மேடம் போன். டிசம்பரில் பணம் கொடுத்தவர்கள் நேரில் பார்க்க வருகிறார்களாம். நாற்பது வீட்டிலாவது எரிய வேண்டுமாம். "கோழிக் கதையெல்லாம் எனக்கு வேண்டாம் சபாநடேசன்" என்கிறார்.

அக்டோபர் 16

கண்டுபிடித்துவிட்டேன்! அடுப்பின் அடியில் காற்று போகிற ஓட்டைக்கு ஒரு தகடு. முன்னும் பின்னும் தள்ளலாம். சமைக்கும்போது திறந்து வைக்க வேண்டும், சமைத்து முடித்ததும் தள்ளி மூடிவிட வேண்டும். காற்று குறைந்தால் கரி சீக்கிரம் எரிந்து தீராது. பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் எரித்துப் பார்த்தேன். முக்கால்வாசி மூடினால் கங்கு மூன்று மணி நேரம் நிற்கிறது. சிவந்து, சத்தமில்லாமல், புகையே இல்லாமல். பார்க்கவே அழகு.

சுகுணா மீட்டரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு எவ்வளவு வருகிறது என்று காட்டும் மீட்டர். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது அந்த வாயு. தகடு திறந்திருந்தபோது எட்டு, ஒன்பது என்று காட்டியது. மூடியதும் ஏறியது. ஏறி எங்கே போய் நின்றது என்று இங்கே எழுதப் போவதில்லை. நாலு பக்கமும் திறந்த கொட்டகையில் அப்படி ஓர் எண் வரவே வராது. மீட்டர் பழசு, போன மழையில் நனைந்தது.

"சார், இது ரொம்ப அதிகம் இல்ல?"

"மீட்டர் கோளாறும்மா."

"போன வாரம் நல்லாத்தானே காட்டுச்சு?"

வாய் நீளம் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

சென்னைக்கு அனுப்பினால் மீட்டர் சரியாகி வர ஒரு மாதம் ஆகும். டிசம்பர் போய்விடும். அறிக்கையில் ஒன்பது என்று போட்டேன். தகடு திறந்திருந்தபோது வந்த எண் அது. பொய் எண் இல்லை.

அக்டோபர் 17

மீட்டரின் பாட்டரியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். வீணாகத் தீர்ந்துவிடும்.

அக்டோபர் 29

நாற்பத்தாறு வீடு!

ஐம்பது தகடும் நானே வெட்டி, நானே அரத்தால் ராவி, வீடு வீடாகப் போய் மாட்டினேன். இரண்டு விரலில் கட்டு. பத்து நாளில், நாலைத் தவிர பரணில் இருந்த அடுப்பெல்லாம் இறங்கிவிட்டது. கோழியும் காலி செய்துவிட்டது. அலங்காரி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாளாம், "இப்பத்தான் அடுப்பு அடுப்பாச்சு" என்று. என்னை இப்போது 'அடுப்பு சாரு' என்கிறார்கள். போகிற வீட்டிலெல்லாம் காப்பி. குடித்துக் குடித்து நெஞ்சு கரிக்கிறது, ஆனாலும் குடிக்கிறேன்.

விறகு நோட்டு வாங்கப் போனபோது மயிலா வாசலில் வந்து நின்றாள். வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் பாவம்.

"சார், ஒண்ணு கேக்கணும். கொழந்த பொறந்து வந்தா பதினாறு நாளு உள் ரூம்லயே கெடக்கணும். குளிரு அண்டாம சட்டியில கங்கு வெப்பாங்க. எங்கக்கா கெடந்தப்ப பொகையில கண்ணு ரெண்டும் வீங்கிப் போச்சு. இந்த அடுப்ப உள்ள வெச்சுக்கலாமா?"

"தாராளமா வெச்சுக்கோ. பாய்க்குப் பக்கத்துலயே வெச்சுக்கோ. பொகையே வராது."

புகை வராது என்பது உண்மை. சொல்லும்போது நாக்கு ஒரு கணம் நின்றது. ஏன் நின்றது என்று உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை, மாத அறிக்கை அனுப்ப வேண்டும்.

நவம்பர் 9

மயிலாவுக்குப் பெண் குழந்தை. கீழே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. இன்று ஜீப்பில் கொண்டுவந்தார்கள். எல்லோரும் பார்க்கப் போனோம். அலங்காரி குழந்தையை வாங்கிப் பார்த்துவிட்டு "பொட்டையா" என்று ஒரு பெருமூச்சு விட்டாள். சுற்றி நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. மயிலா முகம் வாடிவிட்டது. எனக்கே கோபம் வந்தது. ஆனால் அடுத்த நிமிஷம் தன் சேலைத் தலைப்பால் சுற்றி, குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனவளும் அவள்தான். யாரையும் தொடவிடவில்லை.

ஆண்கள் பதினாறு நாள் அந்த அறைக்குள் போகக் கூடாது. நான் வாசலோடு சரி.

நவம்பர் 12

என் அடுப்பு பிரசவ அறைக்குள் போய்விட்டது. சுகுணா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். சமைத்து முடித்ததும் தூக்கி உள்ளே வைத்து, தகட்டை மூடி, கதவைச் சாத்திவிடுகிறார்களாம். அறை கதகதவென்று இருக்கிறதாம்.

சாயங்காலம் அலங்காரியே வழியில் பிடித்துக்கொண்டாள். "சாரு, நீ நல்லா இருப்ப. முன்னெல்லாம் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா கதவத் தொறந்து பொகைய வெரட்டணும். பச்ச ஒடம்பு மேல குளிரு காத்து பூந்துடும். இப்ப அந்த வேலையே இல்ல. சாத்துன கதவு சாத்துனபடி கெடக்குது."

மேடத்துக்கு உடனே தகவல் அனுப்பினேன். பிறந்த குழந்தை பக்கத்திலேயே வைக்கிற அளவுக்கு நம்பிக்கை! இதைவிடப் பெரிய சர்டிபிகேட் யார் கொடுப்பார்கள்? அந்தத் தாயைப் பற்றி அரைப் பக்கம் எழுதி அனுப்பச் சொன்னார். எழுதி அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 15

மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. கடலில் புயலாம். குளிர் எலும்பைக் குடைகிறது.

சுகுணா காலையில் வந்தாள். மயிலாவுக்கு இரண்டு நாளாகத் தலைவலி, வாந்தி. எழுந்தால் தலை சுற்றுகிறது. குழந்தை சரியாகப் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கிறது. காற்றுப் பட்டுவிட்டது என்று அலங்காரி கதவு இடுக்கிலெல்லாம் சாக்கைக் கிழித்து அடைத்திருக்கிறாள்.

"சார், மீட்டர எடுத்துட்டுப் போயி வெச்சுப் பாக்கட்டுமா?"

"எத்தன தடவ சொல்றது? அது கெட்டுப் போன மீட்டர்."

"கெட்டுப் போனதா இருந்தா என்ன சார், சும்மா வெச்சுப் பாத்தா என்ன?"

கத்திவிட்டேன். பிள்ளை பெற்றவளுக்குத் தலைவலி வராதா? ரத்தம் போயிருக்கும், தூக்கம் இருக்காது. இதற்கெல்லாம் அடுப்பா காரணம்? எனக்கும்தான் தலை வலிக்கிறது.

கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல் என்று சுகுணாவிடம் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைவு.

நவம்பர் 17

குழந்தை இறந்துவிட்டது.

நவம்பர் 17, மாலை

காலையில் அலங்காரி கதவைத் திறந்திருக்கிறாள். மயிலா பேச்சு மூச்சில்லாமல் கிடந்திருக்கிறாள். குழந்தை அவள் கைக்குள்ளேயே. மயிலாவைப் போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினார்கள். வழியில் ஜீப் கிடைத்துக் கீழே அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது.

குழந்தையை மத்தியானமே புதைத்துவிட்டார்கள். யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. பதினாறு நாள் ஆகாத குழந்தைக்கு இங்கே சடங்கு கிடையாதாம்.

சுகுணா வந்து வாசலில் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "கொழந்த செவப்பா இருந்துச்சு சார். கன்னமெல்லாம் ரோஸ் கலர்ல. செத்த புள்ள மாதிரியே இல்ல" என்றாள். அந்தச் சிவப்பு எதனால் வரும் என்று எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த அடுப்பைப் பரிசோதனைக்காக எடுத்து வரச் சொன்னேன். என்ன பரிசோதனை என்று அவள் கேட்கவில்லை. முதல்முறையாக அவள் எதிர்த்துக் கேட்காதது இதுதான். அடுப்பு இப்போது என் அறையில், சாக்குக்கு அடியில்.

நவம்பர் 18

எழுத எதுவும் இல்லை.

நவம்பர் 20

கிராம நர்ஸ் மேலே தகவல் கொடுத்துவிட்டாள். பிறந்து பத்து நாள்கூட ஆகாத பெண் குழந்தை இறப்பு, சொல்லாமல் புதைத்தது. பெண் சிசுக்கொலை என்று சந்தேகப்பட இந்தப் பக்கத்தில் அது ஒன்று போதும். இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு பெண் போலீசும் வந்தார்கள். மலைக்காரர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பொன்னுரங்கன் நேற்று குடகிலிருந்து வந்துவிட்டான். முகம் பார்க்காத குழந்தை. போலீஸ் கேட்டதும் அவன் சொன்னது இது: "பொட்டப் புள்ளன்னு எங்கம்மா மொகம் சுளிச்சாளாம். ஊரே பாத்துச்சு. கதவ அடைச்சவளும் அவதான். கேளுங்க அவள."

"டேய், நான் என்னாத்துக்குடா..." என்று ஆரம்பித்த அலங்காரி முடிக்கவில்லை. மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அலங்காரி தினமும் காலையில் கீழே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார வேண்டும், சாயங்காலம் விடுவார்கள். தாசில்தார் முன்னால் குழந்தையைத் தோண்டி எடுத்துப் பார்க்கப் போகிறார்களாம்.

என்னிடமும் கேட்டார்கள். "நீங்க அடுப்பு கம்பெனியா சார்?" என்றார் ஏட்டு. ஆமாம் என்றேன். "அந்த வீட்டைப் பத்தி ஏதாவது தெரியுமா?" நல்ல குடும்பம் என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 21

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டர் எண்ணையும் சொன்னேன்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"சுகுணாவுக்கு."

"அந்தப் பொண்ணு என்ன கண்டுச்சு? மூடின ரூம்ல எந்த அடுப்பு வெச்சாலும் ஆபத்துதான். அது அவங்க தப்பான உபயோகம். நீங்க ஒண்ணும் வாயத் திறக்க வேணாம். அந்த அரைப் பக்கக் கட்டுரைய நான் எடுத்துடறேன்."

நியாயம் மாதிரிதான் கேட்கிறது. பழைய சட்டிக் கங்கு இருந்திருந்தாலும் இதே விஷவாயு வந்திருக்கும். இரண்டு மணி நேரம் இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அலங்காரி வழியில் நிறுத்திச் சொன்னது ஞாபகம் வந்தது. சட்டிக் கங்கில் புகை வரும். கண் எரியும். கதவைத் திறப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தப் புகைதான் இவர்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நான் புகையை மட்டும் எடுத்துவிட்டு விஷத்தை விட்டுவைத்தேன். தகடு போட்டு அதைக் கூட்டினேன். எண்ணும் தெரியும்.

நூற்றெண்பது. எழுதியாகிவிட்டது. ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்றெண்பது. அதுவும் திறந்த கொட்டகையில். பாவி, நான் பாவி.

நவம்பர் 24

மிச்சம் நாற்பத்தொன்பது வீட்டில் அதே தகடு இருக்கிறது. இரண்டு நாளாக வீடு வீடாகப் போய்க் கழற்றுகிறேன். சர்வீஸ் என்று சொல்கிறேன். புதுத் தகடு வரும் என்று சொல்கிறேன். பெண்கள் திட்டுகிறார்கள். "குடுத்தத எதுக்குப் புடுங்கற சாரு? கங்கு நிக்காதே" என்கிறார்கள். திட்டட்டும். இனி யாருக்கும் ஆபத்தில்லை. ஒரு வழியாக மூச்சுவிட்டேன்.

சுகுணா கூட வரவில்லை. நேற்றிலிருந்து வேலைக்கே வரவில்லை.

நவம்பர் 27

கீழே ஆஸ்பத்திரிக்குப் போய் மயிலாவைப் பார்த்தேன். எழுந்து உட்கார்கிறாள். பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறாள். வலது கை நடுங்குகிறது. டம்ளரை நர்ஸ்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். மூடிய அறையில் மூச்சுத் திணறல் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. அவ்வளவுதான்.

என்னை அடையாளம் தெரிந்தது. "அடுப்பு சார்" என்றாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "அத்தைய போலீசு புடிச்சிருக்குதாம். அத்தை ஒண்ணும் பண்ணல சார். நீங்க சொன்னாப்லயே... பாய்க்குப் பக்கத்துல வெச்சுது. தகட்டத் தள்ளி மூடுச்சு. அது... அது கொழந்தய கீழயே விடல சார். நீங்க சொல்லுங்க அவங்ககிட்ட. நீங்க படிச்சவரு."

சொல்கிறேன் என்றேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். ஸ்டேஷன் எதிரிலேயே இருந்தது. அலங்காரி வராந்தாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

சீ.

நவம்பர் 30

தகடு கழற்றிய வீடுகளைப் பார்க்கப் போனேன். முதல் வீட்டில் அடுப்பின் காற்று ஓட்டையில் ஓர் ஓட்டுச் சில்லு செருகியிருந்தது. சுற்றிலும் களிமண் அப்பியிருந்தது. கங்கு சிவந்து கிடந்தது, அப்படியே, புகையில்லாமல்.

"நீதான் தகட்டப் புடுங்கிட்டியே சாரு. நாங்களே ஒண்ணு செஞ்சுக்கிட்டோம்" என்றாள் அந்த வீட்டுக்காரி. பெருமையாகச் சொன்னாள். இரண்டாவது வீட்டில் செங்கல் துண்டு. மூன்றாவது வீட்டில் மறுபடியும் ஓட்டுச் சில்லு. என் தகடு முக்கால்வாசிதான் மூடும். இவர்கள் பொட்டு இடுக்கு விடாமல் அடைத்திருக்கிறார்கள். நாலாவது வீட்டுக் கதவைத் தட்டினேன். மழைக்குச் சாத்தியிருந்தது. திறந்தபோது உள்ளே அடுப்பைச் சுற்றிக் கிழவரும் மூன்று பிள்ளைகளும் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை தலை வலிக்கிறது என்று சுருண்டு படுத்திருந்தது.

அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். மழையில். அதன் அம்மா கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று. பிள்ளையை அவளிடம் கொடுத்து, மற்றவர்களையும் வெளியே வரச் சொல்லிவிட்டு, உள்ளே போய் அடுப்பைக் காலால் உதைத்துக் கவிழ்த்தேன். ஊர் கூடிவிட்டது. யாருக்கும் ஏன் என்று தெரியவில்லை. எப்படித் தெரியும்? நான் யாருக்கும் சொல்லவில்லையே! சர்வீஸ், சர்வீஸ் என்று சொல்லித் தகட்டை எடுத்துக்கொண்டு போனவன்தானே நான்.

அங்கேயே சொன்னேன். மழையில் நின்றுகொண்டு, அவர்களுக்குப் புரிகிற மாதிரி. இந்தக் கங்கில் கண்ணுக்குத் தெரியாத விஷம் வருகிறது, வாடை கிடையாது, தலை வலிக்கும், தூக்கம் வரும், அப்புறம் எழுந்திருக்க மாட்டீர்கள், எந்தக் கங்கானாலும் கதவைத் திறந்து வையுங்கள் என்று. மயிலா குழந்தை அதில்தான் போனது என்று. எனக்கு முன்னமே தெரியும் என்று.

யாரும் அடிக்கவில்லை. அடித்தால் தேவலை என்றிருந்தது. ஒவ்வொருவராக வீட்டுக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அடுப்புகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்து வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். பொன்னுரங்கனும் கூட்டத்தில் நின்றான். சுவரோரமாக உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

சுகுணா வந்தாள். "நாளைக்குக் காலையில மொத பஸ்ஸு ஏழு மணிக்கு. நானும் வரேன்" என்றாள்.

டிசம்பர் 1

ஸ்டேஷனுக்குப் போனோம். சப்-இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர். நாற்காலி போடச் சொன்னார். மீட்டர், அடுப்பு, தகடு, அறிக்கை நகல் எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்தேன். ஒன்பது என்று எழுதியது, நூற்றெண்பது வந்தது, பாட்டரியைக் கழற்றியது, எல்லாம் சொன்னேன். சுகுணா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தோண்டி எடுத்த ரிப்போர்ட்டு இன்னும் வரல, ஆனா அந்தம்மா நேத்தே ஒத்துக்கிச்சு சார். எழுதி வாங்கியாச்சு. இன்னிக்கு ரிமாண்டுக்கு அனுப்பறோம்."

"என்னன்னு ஒத்துக்கிட்டாங்க?"

"நாந்தான் கொன்னேன்னு. சாக்கு அடைச்சது நாந்தான், அடுப்ப உள்ள தூக்கி வெச்சது நாந்தான், நாந்தான் கொன்னேன். இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லுது. பொட்டப் புள்ளன்னு செஞ்சியான்னா பதிலே இல்ல."

அவர் பெரிய அதிகாரியிடம் பேசினார். அலங்காரியை இன்று அனுப்பவில்லை. என் வாக்குமூலத்தை ஆறு பக்கம் எழுதி வாங்கினார்கள். இந்த நோட்டையும் கேட்கிறார்கள். இந்தப் பக்கத்தை எழுதி முடித்ததும் கொடுத்துவிட வேண்டும்.

அலங்காரியிடம் பேச ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். வராந்தாவில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"உங்க மேல தப்பில்லம்மா. அடுப்புல இருந்து வந்த விஷம் அது. தகட்ட மூடுனா விஷம் வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன். போலீஸ்ல சொல்லிட்டேன். உங்கள விட்டுடுவாங்க."

நான் சொன்னது காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மயிலா உள்ள வெச்சுக்கலாமான்னு கேட்டாளே. அன்னிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தல வலிக்குதுன்னு சுகுணா வந்து சொன்னாளே. அன்னிக்கு?"

"தெரியும்."

"கதவத் தொறந்து வெச்சிருந்தா பொழச்சிருக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். பத்து வார்த்தையில் ஒரு நல்ல பொய் சொல்லி அவளை அந்தக் கேள்வியிலிருந்து விடுவித்திருக்கலாம். பொய்க்கு எனக்கு என்ன பஞ்சம்? ஆனால் வாய் வரவில்லை. "பொழச்சிருக்கும்" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. கொஞ்சம் முன்னால் குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொறந்து வெச்சிருப்பேனே சாரு. நீ சொன்னதத்தானே எல்லாம் செஞ்சேன்."